அழித்த படம் திரும்பி வந்தால்

ஆயுள் முடியும் தறுவாயில் மெமரி கார்டு ஒரு விநோதம் செய்யும். போனில் ஒரு படத்தை அழிக்கிறீர்கள். அழிந்துவிட்டதாகப் போன் சொல்கிறது, கேலரியிலும் காணோம். போனை அணைத்துப் போட்டால் அதே படம் அதே இடத்தில் இருக்கிறது. புதிதாக எதையாவது அந்தக் கார்டில் பேக்கப் எடுத்தால் ‘முடிந்தது’ என்று செய்தி வருகிறது. மறுநாள் திறந்தால் நேற்று ஏற்றியதில் ஒன்றுகூட இல்லை. போன வருடத்துப் படங்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. சரி, ஃபார்மட் செய்து பார்ப்போம் என்று செய்தால், கார்டைக் கழற்றி மாட்டியதும் எல்லாப் பழைய கோப்புகளும் மீண்டும் வந்து நிற்கின்றன.

வைரஸ் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். பழுது பார்க்கும் கடைகளில் ‘கார்டு லாக் ஆயிடுச்சு’ என்பார்கள். கடைக்காரர் சொல்வதுதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது. நகத்தளவு கார்டுக்குள் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. இனிமேல் எதையும் எழுதுவதில்லை, இருப்பதைக் காப்பாற்றுவதோடு சரி என்று அது முடிவெடுத்துவிட்டது. ஏன் அப்படி முடிவெடுத்தது என்று தெரிந்துகொண்டால், பேக்கப் தோற்கிற மற்றக் காரணங்களில் பெரும்பாலானவையும் விளங்கிவிடும்.

அதற்கு நினைவகத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்வதற்குத் தோதான இடம் ஒன்று ஐதராபாத்தில் உண்டு. நகரின் வடகிழக்கே ‘ஈசிஐஎல் எக்ஸ் ரோட்ஸ்’ என்று பலகை மாட்டிய பேருந்துகள் போய்ச் சேரும் நாற்சந்தி. எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் பெயரைத்தான் அந்தச் சந்திப்பு தாங்கியிருக்கிறது. அணுசக்தித் துறையின் கீழ் 1967 ஏப்ரலில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அதைக் கட்டி எழுப்பிய ஏ.எஸ்.ராவ் பெயரில் பக்கத்திலேயே ஒரு நகரும் இருக்கிறது. டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் வடிவமைத்த டிடிசி-12 என்ற கணினியை இந்த நிறுவனம் 1969-ல் வெளியிட்டது. இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த தொடக்க காலக் கணினிகளில் அது ஒன்று.

அந்தத் தலைமுறைக் கணினிகளின் நினைவகம் காந்த வளையங்களால் ஆனது. மிகச் சிறிய ஃபெரைட் வளையங்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பிகளைக் கோத்திருப்பார்கள். ஒரு வளையம் ஒரு பிட். காந்தப்புலம் ஒரு திசையில் சுற்றினால் 1, எதிர்த் திசையில் சுற்றினால் 0. கரண்ட் போனாலும் காந்தம் போகாது. ஒரே ஒரு சங்கடம்: வளையத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க, அதை 0 பக்கம் திருப்பித்தான் பார்க்க முடியும். படித்தாலே அழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை படித்த கையோடும், படித்ததை இயந்திரம் திரும்ப எழுதி வைத்துவிடும்.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தயாரிக்கும் இரண்டு நிறுவனங்களில் ஒன்றும் இதே ஈசிஐஎல்தான். இன்னொன்று பெங்களூருவின் பாரத் எலக்ட்ரானிக்ஸ். அந்த இயந்திரத்தில் பதிவான முடிவு பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் நினைவகத்தில் இருக்கும் என்று தேர்தல் ஆணையம் தன் விளக்கக் குறிப்பில் சொல்லியிருக்கிறது. பழைய மாடல் ஒன்றைத் திறந்து ஆராய்ந்து, 2010-ல் ஐதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன் உள்ளிட்டோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இயந்திரத்தின் பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்ட எழுதியது அது. அந்த விவாதம் வேறு. பேக்கப் பற்றி யோசிப்பவருக்கு அந்தக் கட்டுரையில் ஒரு விவரம் முக்கியம்: அந்த மாடலில் வாக்குகள் இரண்டு தனித்தனிச் சில்லுகளில், ஒவ்வொரு சில்லிலும் இரண்டு இடங்களில் பதிகின்றன. ஆக நான்கு பிரதிகள். சில கிலோபைட் தகவலுக்கே நான்கு பிரதி! நம்மில் பலர் ஒரு குழந்தையின் பத்து வருடப் படங்களை ஒரே கார்டில் ஒரே பிரதியாக வைத்திருக்கிறோம்.

மின்சாரமே இல்லாமல் ஒரு சில்லு எப்படி நினைவில் வைத்திருக்கிறது? ஈசிஐஎல் பிறந்த அதே 1967-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவன் காங், சைமன் சே என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். டிரான்சிஸ்டருக்குள் நாலாபுறமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் எலக்ட்ரான்களை அடைத்துவிட்டால் அவை வெளியேற வழியில்லை. உள்ளே எலக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்பதை, கீழே ஓடும் மின்னோட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மிதக்கும் வாயில் என்று அதற்குப் பெயர்.

கதவே இல்லாத அறைக்குள் எலக்ட்ரான் போவது எப்படி என்பதுதான் இதில் எனக்கு எப்போதும் பிரமிப்பு. சுவரின் தடிமன் பத்து நானோமீட்டருக்கும் குறைவு. ஒருபுறம் இருபது வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்தால், எலக்ட்ரான்களில் சில சுவரை உடைக்காமலே மறுபுறம் போய்விடுகின்றன. அன்றாட உலகில் நடக்காத இந்தக் காரியம் குவாண்டம் விதிகளின்படி நடக்கும். ரால்ஃப் ஃபௌலரும் லோதர் நோர்ட்ஹைமும் 1928-ல் இதற்குக் கணக்குப் போட்டார்கள். அவர்கள் பெயரில்தான் இன்றும் இந்த நிகழ்வை அழைக்கிறார்கள். நீங்கள் ஒரு செல்ஃபியைக் கார்டில் சேமிக்கும்போது கோடிக்கணக்கான அறைகளில் இது நடந்து முடிகிறது.

ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா இந்த அறைகளை மொத்தமாக ஒரே வீச்சில் அழிக்கும் முறையைக் கண்டுபிடித்து 1984-ல் அறிவித்தார். கேமரா ஃபிளாஷ் போல ஒரே நொடியில் அழிகிறதே என்று உடன் வேலை செய்தவர் சொன்னதால் அதற்கு ஃபிளாஷ் நினைவகம் என்று பெயர் வந்தது. அறைகளை இன்னும் நெருக்கமாக அடுக்கும் நேண்ட் வகையை 1987-ல் கொடுத்தவரும் அவரே. 1999-ல் தோஷிபா, பானசோனிக், சான்டிஸ்க் மூன்றும் சேர்ந்து எஸ்டி கார்டை அறிவித்தன. சான்டிஸ்க்கை 1988-ல் தொடங்கிய மூவரில் ஒருவர் சஞ்சய் மெஹ்ரோத்ரா, கான்பூரில் பிறந்தவர். இன்று அவர் நடத்தும் மைக்ரான் நிறுவனம் 2019-ல் ஐதராபாத்தில் தன் பெரிய வடிவமைப்பு மையத்தைத் திறந்தது. காந்த வளையத்திலிருந்து நேண்ட் வரை, நினைவகத்தின் இரு யுகங்களும் இந்த ஊரைத் தொட்டுப் போயிருக்கின்றன.

இனி, கார்டு ஏன் சாகிறது என்பதற்கு வருவோம். எலக்ட்ரான் சுவரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சுவரில் ஒரு நுண்ணிய காயம் உண்டாகிறது. படிப்பதால் தேய்மானம் மிகக் குறைவு. எழுதி அழித்து எழுதுவதால்தான் சுவர் பழுதாகிறது. ஆரம்ப காலத்தில் ஒரு அறையில் ஒரு பிட்தான் வைப்பார்கள். அப்படிப்பட்ட அறை சுமார் ஒரு லட்சம் முறை அழித்து எழுதுவதைத் தாங்கும். விலை குறைய வேண்டும், கொள்ளளவு கூட வேண்டும் என்ற நெருக்கடியில், ஒரே அறையில் மூன்று பிட் வைக்கத் தொடங்கினார்கள். மூன்று பிட் என்றால் எட்டு நிலைகள். மருந்துக் குவளையில் பாதி அளவுக்கு ஒரே ஒரு கோடு இருந்தால், கொஞ்சம் ஆவியானாலும் கோட்டுக்கு மேலா கீழா என்று சொல்லிவிடலாம். அதே குவளையில் ஏழு கோடு போட்டுவிட்டால் ஒரு சொட்டுக் குறைந்தாலும் அளவு தப்பிவிடும். மிகச் சிறிய அறைகளில் ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையே சில பத்து எலக்ட்ரான்கள்தான் வித்தியாசம். இந்த வகை அறைகளின் ஆயுள் ஆயிரம் முறை, கூடிப்போனால் சில ஆயிரம் முறை.

அதனால் இன்றைய கார்டில் பிழையில்லாமல் படிப்பது என்பதே கிடையாது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சில பிட்டுகள் தவறாகத்தான் வருகின்றன. எழுதும்போதே கூடுதலாகச் சேர்த்து வைத்த கணக்குக் குறியீடுகளைக் கொண்டு, கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் என்ற அந்தக் குட்டிக் கணினி தவறுகளைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகே போனுக்குக் கொடுக்கிறது. உங்கள் கண்ணுக்கு வரும் ஒவ்வொரு படமும் திருத்தப்பட்ட படம். கன்ட்ரோலருக்கு இன்னும் வேலைகள் உண்டு. எந்த அறைத்தொகுதி அதிகம் தேய்ந்திருக்கிறது என்று கணக்கு வைத்து, எழுதும் பாரத்தை எல்லாத் தொகுதிகளுக்கும் பரவலாக்குகிறது. ஒரு தொகுதியில் திருத்த முடியாத அளவுக்குப் பிழை பெருகினால், அதை ஒதுக்கிவிட்டுக் கையிருப்பில் உள்ள உதிரித் தொகுதி ஒன்றைப் பயன்படுத்துகிறது. எந்தத் தகவல் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் அட்டவணையும் வைத்திருக்கிறது. அந்த அட்டவணை எழுதும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்.

உதிரிகள் தீர்ந்துவிட்டால்? பல கார்டுகளில் கன்ட்ரோலர் எழுதும் வழியை அடைத்துவிடுகிறது. அதுதான் நாம் முதலில் பார்த்த காட்சி. கோளாறு என்று இதைத் திட்டுவது நியாயமில்லை; இருக்கும் தகவலையாவது உரியவர் கையில் சேர்க்க அந்தச் சில்லு செய்யும் கடைசி உபகாரம் இது. இந்த நிலையில் ஃபார்மட், ‘ரிப்பேர்’ செயலிகள் என்று எதையும் முயல வேண்டாம். உள்ளதை எல்லாம் வேறோர் இடத்துக்கு நகலெடுத்துவிட்டுக் கார்டுக்கு விடை கொடுங்கள்.

ஆனால் பேக்கப் தோற்றால் கார்டு செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. நல்ல கார்டிலும் தோற்கும். ஒரு கல்யாண வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். போனின் உள் நினைவகத்தில் 4கே தரத்தில் இருபது நிமிடம் எடுத்தது, ஏறக்குறைய ஏழு ஜிபி. கார்டு 32 ஜிபி, அதில் பாதிக்கு மேல் காலி. நகலெடுக்கத் தொடங்கினால் பாதி வழியில் நிற்கிறது, அல்லது ‘இடம் போதவில்லை’ என்கிறது. இடம் கண்ணெதிரே இருக்கிறதே! காரணம் ஃபேட் 32 என்ற கோப்பு ஒழுங்குமுறை. 32 ஜிபி வரையிலான கார்டுகள் பெரும்பாலும் அந்த முறையில்தான் வருகின்றன. அதில் ஒவ்வொரு கோப்பின் அளவையும் குறித்து வைக்க நான்கு பைட், அதாவது 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. ஒரு பைட் கூடினாலும் எழுத எண் இல்லை. நான்கு ஜிபிக்கு மேற்பட்ட எந்தக் கோப்பும் அங்கே நுழையாது. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகளில் வரும் எக்ஸ்ஃபேட் முறையில் இந்தக் கட்டு இல்லை. ஆகவே சின்னக் கோப்புகள் ஏறி, பெரிய வீடியோ மட்டும் ஏறவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கார்டில் இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மட் செய்தால் தீர்ந்தது. உங்கள் கருவி அதைப் படிக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கேமராக்களும் பழைய கைக்கருவிகளும் படிப்பதில்லை.

இதைவிடக் கொடியது போலிக் கார்டு. உள்ளே இருப்பது 8 ஜிபி சில்லு. வெளியே 128 என்று அச்சு. கார்டின் கொள்ளளவைப் போன் அளந்து பார்ப்பதில்லை, கன்ட்ரோலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்தக் கன்ட்ரோலரையே பொய் சொல்லும்படி மாற்றி எழுதிவிடுகிறார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் சரியாக நடக்கும். அதன் பிறகு வருவதைக் கன்ட்ரோலர் வாங்கிக்கொண்டு கீழே போட்டுவிடும், அல்லது பழையதன் மேலேயே எழுதும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் உண்மையான பகுதியில் இருப்பதால் பெயரும் அளவும் தேதியும் சரியாகத் தெரியும். திறந்தால் பாதிச் சாம்பல் நிறம், அல்லது ஒன்றுமே இல்லை. பல மாதம் கழித்துத்தான் தெரிய வரும் என்பதே இதன் கொடுமை. கண்டுபிடிக்க நிச்சயமான வழி ஒன்றுதான்: கார்டு முழுவதையும் தெரிந்த தகவலால் நிரப்பிவிட்டு, முழுவதையும் திரும்பப் படித்து ஒப்பிடுவது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இதைத்தான் செய்கின்றன. புதுக் கார்டு வாங்கினால் படம் ஏற்றுவதற்கு முன் இந்தச் சோதனையை ஒருமுறை ஓடவிட்டுவிடுங்கள். சில மணி நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

அவசரமாகக் கார்டை உருவுவது இன்னொரு பெருங்காரணம். போனின் திரையில் ‘முடிந்தது’ என்று வரும்போது, தகவலில் ஒரு பகுதி இன்னும் போனின் தற்காலிக நினைவகத்திலேயே இருக்கக்கூடும். கார்டுக்குப் போய்ச் சேர்ந்த பின்னும் வேலை முடிவதில்லை. நேண்ட் சில்லில் சில கிலோபைட் அளவுள்ள பக்கமாக எழுதலாம். அழிப்பதென்றால் பல மெகாபைட் அளவுள்ள தொகுதியாகத்தான் அழிக்க முடியும். ஆகவே கன்ட்ரோலர் நல்ல பக்கங்களைப் புது இடத்துக்கு மாற்றி, அட்டவணையைத் திருத்தி, பழைய தொகுதியை அழித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் அறுந்தால் அட்டவணை கெடுகிறது. படங்கள் எல்லாம் சில்லில் அப்படியே இருந்தும் எது எங்கே என்று சொல்ல ஆளில்லாமல் போகிறது; கார்டைப் போட்டால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று போன் கேட்கிறது. ‘எஜெக்ட்’ கொடுத்துச் சில நொடி பொறுத்தால் இது நேராது. பேட்டரி ஐந்து சதவீதத்தில் இருக்கும்போது பேக்கப் தொடங்குவதும் இதே ஆபத்துதான்.

ஆண்ட்ராய்டு போன்களில் அனுமதிச் சிக்கலும் உண்டு. 2013-ல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே, செயலிகள் கார்டில் இஷ்டப்படி எழுதுவதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 2020-ல் வந்த 11-ஆம் பதிப்பில் அது இன்னும் இறுகியது. ஒரு செயலி எழுத மறுத்தால், போனோடு வரும் கோப்பு மேலாளர் மூலம் ஒருமுறை எழுதிப் பாருங்கள். அதில் எழுத முடிந்தால் குற்றம் கார்டின் மேல் இல்லை. 6-ஆம் பதிப்பில் வந்த இன்னொரு வசதி, கார்டைப் போனின் உள் நினைவகத்தோடு சேர்த்துவிடுவது. அப்படிச் சேர்த்த கார்டு குறியாக்கம் செய்யப்பட்டு அந்த ஒரு போனுக்கே உரியதாகிவிடும். போன் போனால் கார்டில் இருப்பதும் போயிற்று. பேக்கப்புக்கு அந்த முறை ஆகவே ஆகாது. இவை எதுவுமில்லாத எளிய காரணமும் உண்டு. மைக்ரோ எஸ்டி கார்டின் பின்புறம் எட்டுத் தங்க நிறத் தகடுகள் இருக்கின்றன. வியர்வையும் தூசும் படிந்து அவற்றின் தொடர்பு அறுவதும் சகஜம். உலர்ந்த மென்துணியால் துடைத்துப் போட்டாலே சில கார்டுகள் பிழைத்துவிடும்.

வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. அறைக்குள் அடைபட்ட எலக்ட்ரான்கள் வெப்பம் கூடக்கூட வேகமாகக் கசிகின்றன. பத்து டிகிரி உயர்ந்தால் கசிவு பல மடங்காகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. கணினிகளில் வரும் எஸ்எஸ்டி வட்டுகளுக்கான ஜெடெக் தரநிலை கேட்பது இவ்வளவுதான்: எழுதும் ஆயுள் முழுவதும் தேய்ந்த வட்டு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். ஐதராபாத்தின் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது வெளியில் நிறுத்திய காருக்குள் இருக்கும் சூடு அதைவிட மிக அதிகம். புதுக் கார்டு பல ஆண்டு தாங்கும், சந்தேகமில்லை. ஓயாமல் எழுதி அழிக்கும் டேஷ்கேம் என்ற கார் கேமராவில் தேய்ந்த கார்டையே எடுத்துக் குடும்பப் படங்களை ஏற்றி, கார் டேஷ்போர்டிலேயே வைப்பது படங்களைத் தொலைக்கச் சுருக்கமான வழி.

ஐதராபாத் ராமந்தாப்பூரில் மத்திய தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய கார்டுகளை இத்தகைய ஆய்வகங்கள் கையாளும் முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கார்டில் எதுவும் எழுதிவிடாதபடி தடுக்கும் கருவி வழியாக முழு நகல் எடுக்கிறார்கள். பிறகு மூலத்துக்கும் நகலுக்கும் ‘ஹாஷ்’ கணக்கிடுகிறார்கள். எவ்வளவு பெரிய கோப்பானாலும் அதை 64 எழுத்துள்ள ஒரு குறியீடாகச் சுருக்கும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு அதற்குப் பயன்படுகிறது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் குறியீடு அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் நகல் நகலாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும், மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழில் இந்த ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. நகலெடுத்தவர் ‘எடுத்துவிட்டேன்’ என்று சொன்னால் மட்டும் போதாது என்று சட்டமே நினைக்கிறது.

நம் வீட்டுப் படங்களுக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. ஆனால் அந்த மனப்பான்மை தேவை. ‘முடிந்தது’ என்ற செய்தி, தகவல் அனுப்பப்பட்டதற்குத்தான் சாட்சி. போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி இல்லை. பேக்கப் எடுத்த உடனே அதே போனில் திறந்து பார்ப்பதும் பயனில்லை, போன் தன் தற்காலிக நினைவிலிருந்தே எடுத்துக் காட்டிவிடக்கூடும். கார்டை முறைப்படி எஜெக்ட் செய்து, கழற்றி, வேறொரு கருவியில் போட்டுத் திறக்க வேண்டும். பெரிய வீடியோ என்றால் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். இது நடந்த பிறகுதான் போனில் உள்ள மூலத்தை அழிக்கலாம். அப்போதும் இன்னொரு பிரதி ஒரு ஹார்டு டிஸ்க்கிலோ இணையச் சேமிப்பிலோ இருப்பது நல்லது.

மேசை இழுப்பறையில் எத்தனையோ வீடுகளில் இரண்டு மூன்று பழைய கார்டுகள் கிடக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை அவற்றை எடுத்து ஒரு கணினியில் போட்டு, ஒவ்வொன்றிலும் பழைய வீடியோக்களில் நாலைந்தைத் திறந்து பாருங்கள். ஒன்று தயங்கினாலும், எதையும் எழுதாமல் உள்ளதை அன்றைக்கே வேறிடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். புதுக் கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.